நாற்பத்தொன்றாம் பக்கமும் எண்பத்தெட்டாம் பக்கமும்

வாய்மொழித் தேர்வுக்குக் கூப்பிட இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கும்போது முப்பிடாதி தன் ஆய்வேட்டைப் பிரித்திருக்கவே கூடாது. பைண்டிங் ஆகி வந்த புத்தகத்தைத் திறந்தால் தப்பு மட்டும்தான் கண்ணில் படும், பேசாமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார் என்று சொல்லிவிட்டுத்தான் ஜெபசிங் உள்ளே போனான். அவளும் பார்த்தாள். எவ்வளவு நேரம்தான் ஜன்னலைப் பார்ப்பது. ஒரு வேப்பமரம், அதன் நிழலில் ஒரு கார், காருக்குள் கதவைத் திறந்துபோட்டுக் கால் நீட்டித் தூங்கும் டிரைவர். மாடியின் இடது கோடியில் அரசியல் அறிவியல் துறை, வலது கோடியில் சமூகவியல் துறை, நடுவில் குடிதண்ணீர் டேங்க், டேங்குக்குப் பக்கத்தில் இந்த பெஞ்சு. இரண்டையும் சேர்த்துப் படிக்கிற முதுகலை என்று ஒன்றை ஆரம்பித்தார்களே தவிர, அதற்கு ஒரு வகுப்பறை ஒதுக்க இரண்டு பக்கமும் மனசு வரவில்லை. அவர்கள் கொடுக்கட்டும் என்று இவர்களும், இவர்கள் கொடுக்கட்டும் என்று அவர்களும் இருந்ததில், இரண்டு வருடமும் இந்த பெஞ்சுதான் அவளுக்கும் ஜெபசிங்குக்கும் வகுப்பறை. தண்ணீர் பிடிக்க வருகிறவர்கள் எல்லாம் நீங்க எந்த டிபார்ட்மெண்ட் என்று கேட்பார்கள். ரெண்டும் என்பாள். ரெண்டும்னா, என்பார்கள். ரெண்டும்னா ரெண்டும்தான் என்று சொல்லிச் சொல்லி, அந்தச் சொல்லில் அவளுக்கு ஒரு திமிரே வந்துவிட்டது. அடுத்த வருடம் முதல் அந்தப் படிப்பும் இல்லை. மூடிவிட்டார்கள். கடைசி இரண்டு பேர் இவர்கள்தான், ஒருவன் உள்ளே சிரித்துக்கொண்டிருக்கிறான், அவன் சிரிப்பு கதவைத் தாண்டிக் கேட்கிறது, இன்னொருத்தி மடியில் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு நாற்பத்தொன்றாம் பக்கத்தில் நிற்கிறாள்.

நாற்பத்தொன்றாம் பக்கத்தில் ஒன்றும் தப்பில்லை. எண்பத்தெட்டாம் பக்கத்திலும் இல்லை. தனித்தனியாகப் பார்த்தால் இரண்டும் சுத்தம். இரண்டையும் சேர்த்துப் பார்த்தபோதுதான் அவளுக்குத் தப்பு தெரிந்தது. பொதுப்பதவியில் இருப்பவர் பெயரை மறைத்து எழுதினால் அது ஆய்வு இல்லை, வதந்தி என்பார் அரசியல் துறைத் தலைவர் அருளப்பன் சார். நம்மை நம்பிப் பேசியவர் பெயரைப் போட்டு எழுதினால் அது ஆய்வு இல்லை, காட்டிக்கொடுப்பது என்பார் சமூகவியல் துறைத் தலைவர் மங்களேஸ்வரி மேடம். இருவர் சொன்னதையும் அவள் அப்படியே கேட்டாள். இரண்டாம் இயல் அருளப்பன் சாருக்கு, நான்காம் இயல் மேடத்துக்கு. நாற்பத்தொன்றில், ஜனவரி இருபத்தாறு கிராம சபைக்கு ஊராட்சித் தலைவர் திருமதி வெள்ளத்தாய் இடது கையில் மாவுக்கட்டுடன் வந்திருந்தார், சுடுகாட்டுப் பாதை குறித்த ஏழாம் தீர்மானம் ஏகமனதாக ஒத்திவைக்கப்பட்டது. எண்பத்தெட்டில், அமுதா, பெயர் மாற்றப்பட்டுள்ளது, ஓர் ஊராட்சியின் தலைவர், சொல்கிறார்: குடியரசு தினத்துக்கு நாலு நாளைக்கு முந்தி துணைத்தலைவர் எங் கையப் புடிச்சு முறுக்குனாவ. ஒரு பெண், இரண்டு பெயர், ஒரே மாவுக்கட்டு. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகூடக் கோடு போட்டு இணைத்துவிடும். அரசியல் மட்டும் படித்திருந்தால் இந்தத் தப்பு வந்திருக்காது. சமூகவியல் மட்டும் படித்திருந்தாலும் வந்திருக்காது. ரெண்டும்னா ரெண்டும்தான் என்று இந்த பெஞ்சில் உட்கார்ந்து திமிராகச் சொன்னவளுக்கு மட்டுமே வாய்க்கக்கூடிய தப்பு இது. ஏகமனதாக. அந்தச் சொல் கண்ணை விட்டுப் போகமாட்டேன் என்கிறது.

சரி, யார் படிக்கப் போகிறார்கள். அதை யோசித்ததும் கொஞ்சம் மூச்சு வந்தது. அருளப்பன் சார் நான்காம் இயலைத் திறந்திருக்கக்கூட மாட்டார், அது கதை கேட்கிற வேலை என்பார். மேடம் இரண்டாம் இயலைத் தொட்டிருக்க மாட்டார், அது அரசாங்கக் காகிதத்தைக் காப்பி அடிக்கிற வேலை என்பார். வெளியூரிலிருந்து வந்திருக்கும் தேர்வாளர் முன்னுரையையும் முடிவுரையையும் பார்த்துவிட்டு மிக்சர் சாப்பிட்டுக்கொண்டிருப்பார். இரண்டு துறையும் ஒன்றையொன்று மதிக்காமல் இருக்கும்வரை வெள்ளத்தாய்க்கு ஆபத்தில்லை. நினைத்தபோது சிரிப்பு வந்தது, வந்த வேகத்தில் போய்விட்டது. தேர்ச்சி என்று கையெழுத்தாகிவிட்டால் புத்தகம் நூலகத்துக்குப் போகும், பல்கலைக்கழக இணையதளத்தில் ஏறும். அதைவிட, அவள் பையிலேயே நான்காவது பிரதி இருக்கிறது. ஊராட்சித் தீர்மானப் புத்தகத்தைப் பார்க்க அனுமதி வாங்கும்போது, ஆய்வு முடிந்ததும் ஒரு பிரதி அலுவலகத்துக்குத் தருவேன் என்று அவளே எழுதிக் கொடுத்திருக்கிறாள். அந்த அலுவலகத்தில், தலைவர் நாற்காலிக்கு எதிரே போட்ட இன்னொரு நாற்காலியில், அதாவது உண்மையான நாற்காலியில், துணைத்தலைவர் உட்கார்ந்திருப்பார். அவர் படிப்பார். இந்த உலகத்தில் அட்டை முதல் அட்டை வரை அவளுடைய ஆய்வேட்டைப் படிக்கப்போகிற ஒரே மனிதர் அவர்தான். போன வாரம்கூட போன் பண்ணினார். எம்மா, நம்ம ஊரப் பத்துன புக்கு எப்பம்மா வரும், நான் அலமாரில கண்ணாடி போட்டு வைக்கணும்லா.

நம்ம ஊரு. நம்ம புள்ள. முதல் நாள் அந்த அலுவலகத்துக்குப் போனபோது அவர் மூன்றே கேள்விதான் கேட்டார். எந்த ஊரும்மா, யாரு மவ, அம்மைக்கு எந்த ஊரு. மூன்றுக்கும் பதில் சொன்னதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. அட, நம்ம புள்ளைல்லா, உக்காரும்மா, ஏ யாருலே அங்க, கலரு வாங்கிட்டு வாங்க என்றார். மூன்று மாதம் அலைந்தாலும் கைக்கு வராத தீர்மானப் புத்தகம் கலர் பாட்டிலோடு சேர்ந்து மேசைக்கு வந்தது. அவளுக்குத் தெரியாதா அந்த மூன்று கேள்வி எதற்கென்று. சேர்த்துவைத்துப் பார்த்தால் ஒரே கேள்வி அது. தெரிந்தேதான் பதில் சொன்னாள். தெரிந்தேதான் கலரைக் குடித்தாள், ஆரஞ்சு, தொண்டையில் இனிப்பு ஒட்டிக்கொண்டது. களப்பணியில் கதவு திறந்தால் உள்ளே போய்விட வேண்டும், எந்தச் சாவியால் திறந்தது என்று பிறகு எழுதிக்கொள்ளலாம் என்று வகுப்பில் சொல்லியிருக்கிறார்கள். பிறகு எழுதினாளா. எழுதவில்லை. முன்னுரையில் அலுவலகத்தார் அளித்த ஒத்துழைப்புக்கு நன்றி என்று போட்டுவிட்டாள். அவள் கலர் குடித்துக்கொண்டிருந்தபோது தலைவர் வெள்ளத்தாய் கதவுப்பக்கம் நின்றுகொண்டிருந்தார். நாற்பத்தாறு வயது, ஒல்லி, தோளில் போட்ட துண்டு மாதிரி சேலைத் தலைப்பைக் கழுத்தைச் சுற்றிப் போட்டிருந்தார். யாரோ மனு கொடுக்க வந்தவர் என்று முதல் பத்து நிமிடம் முப்பிடாதி நினைத்துக்கொண்டிருந்தாள். நினைக்க நினைக்க இப்போதும் கூசுகிறது.

உட்கார்ந்திருப்பவர்களை வரைபடமாகப் போடுவது அவளுடைய வழக்கம். கூட்டத்துக்குப் போனால் நோட்டில் முதலில் ஒரு செவ்வகம், அதுதான் அறை. நாற்காலியில் இருப்பவர் வட்டம், தரையில் இருப்பவர் கட்டம், நிற்பவர் ஒரு கோடு. உக்காந்தது நின்னது எல்லாம் எதுக்கும்மா, தீர்மானம் என்ன ஆச்சு, அதைப் பாரு என்பார் அருளப்பன் சார். தீர்மானம் யாருக்கு வேணும், யார் நின்னாங்க, அதைப் பாரு என்பார் மேடம். அவள் ஒரே பக்கத்தில் இரண்டையும் போட்டாள், மேலே படம், கீழே தீர்மானம். பதினாறு கூட்டம், பதினாறு படம். பதினாறிலும் தலைவர் ஒரு கோடு. ஏகமனதாக என்று எழுதிய ஒவ்வொரு தீர்மானத்துக்கு மேலேயும் கதவோரம் ஒரு சின்னக் கோடு நிற்கிறது. இதைக் கண்டுபிடித்தபோது அவளுக்கு, இதற்காகத்தான் இரண்டு வருடம் இந்த பெஞ்சில் உட்கார்ந்தேன் என்று தோன்றியது. ஒரே ஆளுக்கு ரெண்டு டிக்கெட் எதுக்குட்டி என்று கேட்ட அப்பாவுக்கு, டவுன் பஸ் கண்டக்டர் அவர், எல்லாவற்றையும் டிக்கெட்டாகத்தான் யோசிப்பார், அன்று இரவே இந்தப் படத்தைக் காட்டினாள். அவர் ரொம்ப நேரம் பார்த்தார். பஸ்ஸுலயும் இப்படித்தாம்மா, யாரு எங்க உக்காருவாங்கன்னு எனக்கு ஸ்டாப்பிங்லயே தெரியும் என்றார். அதோடு டிக்கெட் பேச்சை விட்டுவிட்டார். ஆனால் வெள்ளத்தாய்க்குக் காட்டியபோது அவர் விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணிவிட்டு, இதுல நீங்க எங்க இருக்கீங்க என்று கேட்டார். எல்லாரையும் போட்ட படத்தில் அவள் தன்னைப் போடவில்லை. நான் எழுதத்தானே வந்தேன் என்றாள். நீங்களும் சேருலதான உக்காந்திருந்தீங்க, போடுங்க என்றார் வெள்ளத்தாய். போட்டாள். பதினாறு படத்திலும் ஒரு வட்டம் கூடியது.

அதற்குப் பிறகுதான் அவர் நீங்க என்பதை விட்டுவிட்டு நீ என்று பேச ஆரம்பித்தார், அதற்குப் பிறகுதான் கையைப் பற்றிச் சொன்னதும். ஊர்த் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் மோட்டார் ரூம் நிழலில், மாவுக்கட்டை மடியில் ஒரு பிள்ளையைப் போல வைத்துக்கொண்டு சொன்னார். எங்க சனங்க சுடுகாட்டுக்குப் போற பாதைய அவுக வயலுக்குள்ள சேத்து வேலி போட்டுட்டாவ. பாதை வேணும்னு தீர்மானம் வைக்கேன்னேன். ஒத்திவைக்கோம்னு முன்கூட்டியே எழுதிக் கொண்டாந்து கையெழுத்துப் போடுன்னாவ. மாட்டேன்னேன். இடது கையப் புடிச்சு முறுக்குனாவ. சத்தம் கேட்டுது, எலும்புச் சத்தம், நான் கத்தல. ஆஸ்பத்திரில கிணத்தடில வழுக்கி விழுந்துட்டேன்னுதான் சொன்னேன். ஏன் இடது கை என்று முப்பிடாதி ஏதோ முட்டாள்தனமாகக் கேட்டாள். வெள்ளத்தாய் சிரித்தார். வலது கை வேணும்லா தாயி, கையெழுத்துப் போட. அந்தச் சிரிப்புதான் எண்பத்தெட்டாம் பக்கத்தில் இல்லை. மற்ற எல்லாம் இருக்கிறது. முறுக்கினவரைக்கூட அவர் முறுக்குனாவ என்று மரியாதையாகவே சொன்னார், அதையும் அப்படியே எழுதி, அடியில் விளக்கம் வேறு கொடுத்திருக்கிறாள், மேடம் அந்த இடத்தில் பென்சிலால் நன்று என்று போட்டார். நன்று. டிசம்பரில் வெள்ளத்தாயின் பதவிக்காலம் முடிகிறது. அதற்குப் பிறகு கையெழுத்து யாருக்கும் தேவைப்படாது. அதற்குப் பிறகு வலது கையும் தேவைப்படாது. இதை நினைத்ததும் முப்பிடாதி புத்தகத்தை மூடினாள், மூடிய புத்தகத்தின் மேல் இரண்டு கையையும் வைத்து அழுத்திக்கொண்டாள். பயமாக இருந்தது, அவ்வளவுதான், அதற்கு வேறு பெயர் இல்லை.

பேனாவால் அடித்துவிட்டால் என்ன. இடது கையில் மாவுக்கட்டுடன் என்ற ஒரு துண்டு, ஒரு கோடு இழுத்தால் வெளியாருக்காவது ஆள் தெரியாது. இழுத்தால் நாற்பத்தொன்றாம் பக்கத்தில் ஏகமனதாக மட்டும் நிற்கும், துணைத்தலைவர் எழுதியதை அவளும் ஒரு தடவை எழுதிக் கொடுத்ததாக ஆகிவிடும். அதுவும் சமர்ப்பித்த பிரதியில் கை வைக்க முடியாது, வாபஸ் வாங்கினால்தான் திருத்தலாம். வாபஸ் வாங்கினால் என்ன ஆகும் என்பதும் சுற்றறிக்கையில் தெளிவாக இருக்கிறது, அலுவலக எழுத்தர் ஆவுடையப்பன் அண்ணன் போன வாரம்தான் படித்துக் காட்டினார். படிப்பு மூடப்பட்டுவிட்டதால், முடிக்காதவர்கள் ஏதாவது ஒரு துறைக்கு மாற்றப்படுவார்கள், ஆய்வேடு அந்தத் துறைக்கு உட்பட்டதாகத் திருத்தப்பட வேண்டும். அதாவது பாதியை வெட்ட வேண்டும். வெட்டினால் வெள்ளத்தாய் தப்பித்துவிடுவார். அங்கேதான் அவளுக்கு இடிக்கிறது. இத்தனை நாள் இவர்கள் சொன்னதுதானே அது, இரண்டையும் சேர்க்காதே, சேர்த்தால் எதுவும் உருப்படாது என்று. சேர்த்ததால்தான் மாவுக்கட்டுக்கும் தீர்மானத்துக்கும் உள்ள தொடர்பு தெரிந்தது. சேர்த்ததால்தான் இப்போது ஒரு பெண்ணின் வலது கைக்கு ஆபத்து. அப்படியென்றால் அவர்கள் சொன்னது சரியா. இல்லை. சரியே இல்லை. சேர்த்தது தப்பில்லை, சேர்த்ததை யார் மேசையில் வைக்கப்போகிறேன் என்று யோசிக்காததுதான் தப்பு. கையை முறுக்கியவன் மட்டும் என்ன, அரசியலை ஒரு நாளும் சமூகவியலை ஒரு நாளுமாகவா செய்தான், ஒரே பிடியில் அல்லவா இரண்டையும் செய்தான். அவனைத் தனித்தனியாக எழுது என்று இவர்கள் சொல்கிறார்கள். மாட்டேன். வெட்டவும் மாட்டேன், வெள்ளத்தாயை விட்டுக்கொடுக்கவும் மாட்டேன். இரண்டு மாட்டேனையும் வைத்துக்கொண்டு எந்தக் கதவு வழியாக வெளியே போவது என்றுதான் தெரியவில்லை. உள்ளே ஜெபசிங் மறுபடி சிரித்தான். அவன் தலைப்பு மாணவர் தேர்தல், யாருக்கும் கை உடையவில்லை, நன்றாகச் சிரிக்கலாம்.

போனை எடுத்தாள், வைத்தாள், எடுத்தாள். வெள்ளத்தாயிடம் கேட்டால் என்ன சொல்வார் என்று அவளுக்குத் தெரியும். எம் பேரையே போடு தாயி, எனக்கென்ன பயம் என்பார். அவர் அப்படிச் சொல்லட்டும் என்றுதான் மனசுக்குள் ஒரு மூலை காத்திருக்கிறது என்பதும் தெரிந்தது. அவர் சொல்லிவிட்டால் இவள் தலைநிமிர்ந்து உள்ளே போகலாம், தேர்ச்சி பெறலாம், தைரியமானவள் என்று பெயரும் வாங்கலாம், கை மட்டும் வெள்ளத்தாயுடையது. அதனாலேயே போன் போட்டாள், அந்த மூலையின் முகத்தைப் பார்த்துவிடலாம் என்று. எதிர்ப்பக்கம் மோட்டார் இரைந்தது. சொல்லு தாயி, பரீட்சை முடிஞ்சிட்டா, என்றார் வெள்ளத்தாய். இன்னும் கூப்பிடலக்கா, என்று ஆரம்பித்து முழுக்கச் சொன்னாள், இரண்டு பக்கத்தையும், நான்காவது பிரதியையும், கண்ணாடி அலமாரியையும். மோட்டார் நின்றது. அப்போ ரெண்டையும் சேத்துப் படிச்சா நாந்தான்னு தெரிஞ்சிரும், அப்படித்தான. ஆமாக்கா. எனக்கு இன்னொரு பேரு வச்சிருக்கேன்னியே, என்ன பேரு. அமுதா. நல்லாத்தான் இருக்கு, ஆனா இப்ப வேண்டாம் தாயி என்றார். பயந்துக்கிட்டுச் சொல்லல. இத நான் சொல்லுததுக்கு ஒரு நாளு குறிச்சு வச்சிருக்கேன்.

முப்பிடாதி எழுந்து நின்றுவிட்டாள். வெள்ளத்தாய் அவசரமில்லாமல், தண்ணீர் எந்தத் தெருவுக்கு எத்தனை மணிக்கு விடுவது என்று சொல்கிற குரலிலேயே சொன்னார். மே ஒண்ணாந் தேதி கிராம சபைலயே சொல்லிரணும்னு இருந்தேன். வீடியோ எடுக்க வந்தவன் பேட்டரி இல்லன்னுட்டான். வீடியோ இல்லாமச் சொன்னா அது காத்தோட போயிரும். ஆகஸ்ட்டு பதினஞ்சுக்குக் கொடியேத்துன கையோட எல்லாரும் மிட்டாயி வாங்கிட்டுப் போயிருவாவ. அக்டோபர் ரெண்டுதான் சரி, காலைல பதினோரு மணி. எம் பதவில அதான் கடைசிக் காந்தி ஜெயந்தி. ஒன்றிய ஆபீசுலேருந்து கூட்டத்தப் பாத்து எழுதுத பற்றாளர் வந்து உக்காந்திருப்பாரு. அன்னைக்கு நாந்தான தலைமை, என்னை யாரு தள்ளி நில்லுன்னு சொல்ல முடியும். ஆஸ்பத்திரிச் சீட்டு வச்சிருக்கேன், எக்ஸ்ரே படமும் வச்சிருக்கேன், அரிசிப் பானைக்குள்ள. அந்த டாக்டரம்மாட்டப் போயி, அன்னைக்குச் சொன்னது பொய், நடந்தது இதுன்னு திருத்தி எழுதியும் வாங்கிட்டேன். எங்க தெருவுல அறுபது பேரு கையெழுத்துப் போட வாரேன்னு சொல்லியிருக்காவ, ஆளு வரல, கூட்டம் செல்லாதுன்னு அவன் சொல்ல முடியாது. நீ முந்திட்டேன்னா அவன் உசாராயிருவான். அவன் என்றார். ஐந்து மாதத்தில் முதல் தடவையாகத் துணைத்தலைவரை அவன் என்றார். அக்கா, எங்கிட்ட இதச் சொல்லவே இல்லியே, என்றாள் முப்பிடாதி, குரல் கொஞ்சம் குழைந்துதான் வந்தது. நீ எழுதிப்பிடுவியே, அதான், என்றார் வெள்ளத்தாய். பிறகு, ஒனக்கு ரெண்டு வருசப் படிப்பு, அதும் போயிரக் கூடாது, வேற வழி இருக்கான்னு பாரு தாயி என்று சொல்லி வைத்துவிட்டார்.

நீ எழுதிப்பிடுவியே. அவள் பெஞ்சில் உட்காரவில்லை. வெட்கமாக இருந்தது, அந்த வெட்கத்துக்குள்ளேயே பெரிய சந்தோஷமும் இருந்தது, இரண்டையும் பிரிக்க அவளுக்கு இஷ்டமில்லை. அமுதா என்று பெயர் வைத்து இவள் ஒளித்து வைத்திருந்த பெண், வீடியோ, பற்றாளர், தேதி, அறுபது கையெழுத்து எல்லாவற்றையும் எண்ணி அரிசிப் பானையில் போட்டு மூடி வைத்திருக்கிறார். கதவோரத்துக் கோடு என்று பதினாறு தடவை வரைந்தாளே, அந்தக் கோடு நின்றபடியே ஒரு கூட்டத்தை ஏற்பாடு செய்துகொண்டிருந்திருக்கிறது. படத்தில் அது வரவில்லை. ஐந்தாம் இயலின் கடைசி வரி, தலைவர் அதிகாரமற்ற பார்வையாளராகவே எஞ்சுகிறார் என்று முடிகிறது. பார்வையாளராமே. சிரிப்பு வந்தது, இந்தத் தடவை போகவில்லை. கதவு திறந்து ஜெபசிங் வந்தான். ஈசிதான், உள்ள ஏசி ஓடுது, என்றான். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, திறந்து பாத்துட்டியா, என்று கேட்டான். ஆமா, என்றாள். நல்லவேள பாத்தேன்.

உள்ளே மூன்று பேர். இடப்பக்கம் அருளப்பன் சார், வலப்பக்கம் மங்களேஸ்வரி மேடம், நடுவில் வெளியூர்த் தேர்வாளர், அவர் முன்னால் காலியான மிக்சர் தட்டு. உட்காரும்மா என்றார் சார். நாற்காலி இருந்தது. அவள் நின்றாள். சொல்லும்மா, ரெண்டு வருஷமா நான் கேக்குற அதே கேள்விதான், இது எந்தத் துறை, என்று சிரித்தபடி ஆரம்பித்தார். என் ஆய்வேட்ட வாபஸ் வாங்கிக்கிடுதேன் சார், மூணு பிரதியையும் திருப்பித் தந்திருங்க, என்றாள் முப்பிடாதி. விளையாடுறியா, என்றார் சார். இல்ல சார், ஒருத்தரப் பத்தி வெளிய தெரியக் கூடாதது இதுல தெரியிற மாதிரி இருக்கு. என் தப்புதான். மேடம் நிமிர்ந்து உட்கார்ந்தார். எந்தப் பக்கம், என்று கேட்டார். அதச் சொன்னா தப்ப நானே முழுசாச் செஞ்சு முடிச்ச மாதிரி ஆயிரும் மேடம். மேடம் அவளையே பார்த்தார். பிறகு தன் முன்னால் இருந்த பிரதியை, பாதி திறந்திருந்ததை, மூடி அவள் பக்கம் தள்ளினார். சார் தள்ளவில்லை. இதோட உனக்கு அடுத்த பேட்ச் கிடையாது, தெரியுமா. தெரியும் சார். ஒரு துறையைத்தான் எழுதணும், மத்தது போயிடும், தெரியுமா. அத மட்டும் நான் ஒத்துக்கிடல சார், என்றாள். சத்தம் கூட்டிச் சொல்லவில்லை. தேர்வாளர் தன் பிரதியை எடுத்துக் கொடுத்தார், அதில் ஒரு பக்கமும் மடங்கியிருக்கவில்லை. கடைசியில் சாரும் கொடுத்தார். மூன்றையும் வாங்கிப் பைக்குள் நான்காவதோடு வைத்தபோது தோள்பட்டை இறங்கியது. நல்ல கனம். பரவாயில்லை, சுமக்கலாம்.

அலுவலகத்தில் ஆவுடையப்பன் அண்ணன் வாபஸ் படிவத்தை எடுத்து நீட்டினார். துறை என்று போட்டு ஒரு சின்னப் பெட்டி. அரசியல் அறிவியல், சமூகவியல் என்று எழுதினாள், இரண்டாவது பெயர் பெட்டிக்குள் அடங்காமல் ஓரம் வரைக்கும் போனது. ஏதாவது ஒண்ணுதாம்மா போடணும், இத அனுப்புனா அங்க திருப்பி அனுப்புவாவ, என்றார் அவர். திருப்பி அனுப்பட்டும்ணே, மறுபடியும் இதத்தான் எழுதித் தருவேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டு அடுத்த பெட்டிக்குப் போனார். காரணம் என்னன்னு எழுத. ஆய்வு இன்னும் முடியலன்னு எழுதுங்க. எழுதினார். பேனாவை அப்படியே பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார். எப்ப முடியும்னு ஒரு கேள்வி இருக்கும்மா, சும்மா ஆறு மாசம், ஒரு வருசம்னு எதையாவது போட்டுரவா.

வேண்டாம், என்றாள் முப்பிடாதி. அக்டோபர் ரெண்டாந் தேதி, காலைல பதினோரு மணின்னு போடுங்க.